புதியவருக்கு ஓர் இடம்

ஓர் ஆட்டத்தைப் புதிதாகக் கற்க வருபவர் முதல் நாளில் தோற்பது இயல்பு. மறுநாளும் தோற்பார். பத்து நாள் தொடர்ந்து தோற்றவர் பதினோராம் நாள் வாராதிருந்தால், அஃது அவர் குற்றமாகுமா? வல்லவர்கள் தமக்குள்ளேயே ஆடி மகிழும் கழகம் நாளடைவில் ஆளின்றி ஒடுங்கிவிடும். இவ்விடர்ப்பாட்டிற்கு ஆட்டமுறையிலேயே வழிகண்ட ஆட்டம் ஒன்று உண்டு. சீனத்தில் தோன்றி, சப்பானிலும் கொரியாவிலும் தழைத்த 'கோ' என்பதே அது.

கோ ஆட்டப் பலகையில் நெடுக்காக 19 கோடுகளும் குறுக்காக 19 கோடுகளும் உள்ளன. அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில் ஒருவர் கருங்காய்களையும் மற்றவர் வெண்காய்களையும் மாறி மாறி வைப்பர். வைத்த காயை நகர்த்துதல் இல்லை. நாற்புறமும் வழியடைபட்ட காய் பலகையினின்று நீக்கப்படும். மிகுதியான இடத்தை வளைத்துக்கொண்டவரே வென்றவராவர்.

வல்லவரோடு புதியவர் ஆட அமரும்போது, தொடக்கத்திலேயே அவருடைய கருங்காய்கள் சில பலகையில் இடம்பெறும். இருவரின் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டிற்கேற்ப அவை 2 முதல் 9 வரை இருக்கும். சதுரங்கத்தில் ராணியை எடுத்துவிட்டு ஆடினால் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். கோ ஆட்டத்திலோ அத்துணை மாறுதல் நேராது.

வல்லவர் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தால் என்ன? புதியவர் அதனை எளிதில் கண்டுகொள்வார், நாணமும் அடைவார். முன்னரே காய்கள் கொடுத்துவிட்டால் ஒளிவுமறைவு இல்லை. இருவரும் தத்தம் முழு ஆற்றலோடு பொருதலாம். கிட்டிய வெற்றி புதியவர் தாமே ஈட்டியதாகும்.

"முதல் நூறு ஆட்டங்களை விரைந்து தோற்றுவிடு" என்று கோ ஆடுவோர் கூறுவதுண்டு. சொல்பவர்க்கு எளிய அறிவுரைதான்! தோற்பவர்க்கு நூறு என்பது சிறு தொகையன்று. ஆதலின், முதலில் 9 கோட்டுச் சிறு பலகையில் ஆடவிடுதல் நலம். அதில் 81 புள்ளிகளே உள்ளமையால் ஆட்டம் சிறிது நேரத்தில் முடியும். தோல்வியும் நெடுநேரம் வருத்தாது.

ஆட்டம் முடிந்தபின் காய்களை உடனே வாரி எடுத்துவிடாமல், முதலிலிருந்து மீண்டும் அடுக்கிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. எவ்விடத்தில் பிழை நேர்ந்தது, வேறு எங்கு வைத்திருக்கலாம் என்பதை வல்லவர் அப்போது காட்டுவார். புதியவர் கேட்கும் எளிய வினாவிற்கும் விடை கிடைக்கும். அவர் சில ஆட்டங்களில் தொடர்ந்து வென்றுவிட்டால், அடுத்த முறை அவருக்குக் கொடுக்கும் காய்களில் ஒன்று குறையும்.