ஏறும்போது அரை லிட்டர்

மேட்டுப்பாளையம் பங்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் போட்ட நூறு சிசி பைக், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஊட்டி போய்ச் சேருமா? குன்னூர் வழியாகத் தூரம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர். ஷோரூமில் அறுபது, எழுபது என்று மைலேஜ் சொல்கிறார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ஊட்டி போன பிறகும் டேங்கில் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. குன்னூர் எட்டுவதற்கே அந்த ஒரு லிட்டர் ஏறக்குறைய காலியாகிவிடும்.

எங்கே போகிறது பெட்ரோல்? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். நடுவே 1,900 மீட்டர் ஏற்றம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியின் எடை 112 கிலோ. ஓட்டுகிறவர் 65 கிலோ, பின்னால் இருப்பவர் 60 கிலோ என்று வைத்தால் மொத்தம் 237 கிலோ. இந்த எடையை 1,900 மீட்டர் தூக்கிவைக்க மட்டும் 4.4 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருந்தாலும், சிறிய இன்ஜின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். மீதி சைலன்சர் வழியாகவும் இன்ஜின் சூடாகவும் வெளியேறிவிடும். ஆக, ஏற்றத்துக்கு மட்டும் அரை லிட்டருக்குச் சற்று மேலே செலவு. தூரத்துக்கு ஆகிற பெட்ரோல் இதற்கு மேல் தனி.

கம்பெனிகள் சொல்லும் மைலேஜ் பொய் இல்லை. அது சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு, குறித்த வேகத்தில் அளந்த எண். அந்த உருளைகளுக்கு மேடு கிடையாது, அவ்வளவுதான்.

நீலகிரியில் இந்தக் கணக்கைப் பார்க்காமல் பைக் வாங்குகிறவர் குறைவு. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி கிராமத்திலிருந்து குன்னூர் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவர், கூடலூரில் லைன் வீட்டிலிருந்து பக்கத்து எஸ்டேட்டுக்குப் போகிறவர், கேத்தி பாலாடாவில் கேரட் போட்டிருக்கிற விவசாயி, எல்லாருக்கும் கடைசி பஸ் ஒரு நேரத்தில் போய்விடும். அதற்குப் பிறகு பைக்தான். பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடக்கிற மாதங்களில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பல கிலோ கொழுந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கொழுந்தைப் பறிக்கிற கைகளை நினைத்தால், லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுவதும் குறைவதும் சின்ன விஷயம் அல்ல.

மலைக்குப் பெரிய இன்ஜின்தான் வேண்டும் என்று கீழேயிருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். இதையும் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறது. 1899இல் திறந்த அந்தப் பாதையின் கடும் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. அதே சரிவில் நம் 237 கிலோ, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற இரண்டு குதிரைத்திறனுக்குச் சற்று கூடுதலாக வேண்டும். காற்றின் தடை, டயரின் உராய்வு எல்லாம் சேர்த்தாலும் மூன்றைச் சுற்றித்தான் வரும். ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜினுக்கு எட்டு குதிரைத்திறன் இருக்கிறது. போதும். முதல் இரண்டு கியரும் நன்றாக இழுக்க வேண்டும், கிளட்ச் வழுக்கக் கூடாது, செயினும் ஸ்ப்ராக்கெட்டும் தேய்ந்திருக்கக் கூடாது. மலையில் வண்டி வாங்குகிறவர் சிசியைக் கேட்பதற்கு முன்னால் இவற்றைப் பார்க்கலாம்.

அந்த எட்டும் ஊட்டியில் முழுதாகக் கிடைக்காது என்பதும் உண்மை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் மூச்சிழுக்கும்போது உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும், இழுவையும் குறையும். கார்புரேட்டர் காலத்தில் இதோடு இன்னொரு தொல்லை சேர்ந்திருந்தது. கோயம்புத்தூரில் டியூன் செய்த வண்டி மேலே வந்ததும், காற்று குறைந்துவிட்டது என்று கார்புரேட்டருக்குத் தெரியாது. அது பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொட்டும். பிளக் கறுக்கும், புகை வரும், மைலேஜ் இறங்கும். மெக்கானிக்குகள் ஏர் ஸ்குரூவைத் திருகியும் சின்ன ஜெட் மாட்டியும் சரிசெய்தார்கள். அப்படி மலைக்குச் சரிசெய்த வண்டியைச் சமவெளிக்குக் கொண்டுபோனால் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் சுடும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி வந்தது. பெரும்பாலான நூறு சிசி வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சார்கள் பார்த்துச் சொல்ல, வேண்டிய பெட்ரோலை மட்டும் கம்ப்யூட்டர் விடுகிறது. விலை ஏறியது என்று அப்போது எல்லாருக்கும் வருத்தம் இருந்தது. ஆனால் இந்த மாற்றத்தால் நாட்டிலேயே அதிகம் பயனடைந்தவர்களில் மலைக்காரர்களையும் சேர்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் மலை ஏறிய வண்டிகளின் வரிசை நீளமானது. ஓசூரில் 1980இல் பிறந்த டிவிஎஸ் 50, இருவர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். 1984இல் அதே ஓசூரிலிருந்து இந்த்-சுசூகி வந்தது. 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. இந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் ஏற்றத்தில் சீறிக்கொண்டு போகும், பெட்ரோலையும் அதே வேகத்தில் குடிக்கும். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 ஃபோர்-ஸ்ட்ரோக். இழுவையில் சாது, ஆனால் டேங்கை நிரப்பிவிட்டால் மறந்துவிடலாம் என்று விளம்பரம் செய்யும் அளவுக்குச் சிக்கனம். 1994இல் ஸ்ப்ளெண்டர் வந்தபோது சாதாரணக் குடும்பத்து பைக் என்றால் நூறு சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் என்று ஆகிவிட்டது. பிளாட்டினா, ரேடியான், ஷைன் 100 எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஏறியது போதும், இறங்குவதைப் பார்ப்போம். மைலேஜ் கணக்கும் உயிர்க் கணக்கும் ஒன்றோடொன்று மோதுகிற இடம் இதுதான்.

ஏறும்போது கொடுத்த 4.4 மெகாஜூல், இறங்கும்போது திரும்ப வருகிறது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி வெப்பமாக எங்காவது போயாக வேண்டும். அந்த 4.4 மெகாஜூல் மொத்தமும் சேர்ந்தால் 13 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம். மிகச் சிறிய டிரம் பிரேக் இரண்டின் மேல் இவ்வளவையும் ஏற்றினால் ஷூ சூடேறிப் பிடிப்பு தளரும், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே இப்படி ஆனால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். கியரில் இருந்தால் சக்கரம் இன்ஜினைச் சுற்றவேண்டியிருக்கும். பிரேக்கின் பாரத்தில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும்.

இது தெரிந்தும் பலர் நியூட்ரலில் இறங்குகிறார்கள். சிலர் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். அசட்டுத் துணிச்சல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் அந்த நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரமும் இருந்தது. ஆக்சிலரேட்டரை விட்டாலும், கியரில் வேகமாகச் சுற்றுகிற இன்ஜின் கார்புரேட்டர் வழியாகக் கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் நிலைமை தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த ஏற்பாடு உண்டு. நியூட்ரலுக்கு வந்துவிட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது புது வண்டியில் நியூட்ரலில் இறங்குகிறவர் பிரேக்கையும் இழக்கிறார், பெட்ரோலையும் இழக்கிறார். 2020க்குப் பிறகு வண்டி வாங்கிய மகன்களுக்கு, சிடி 100 ஓட்டிய அப்பாக்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம் இது. புது வண்டிக்கு இது ஆகாது என்று பங்கிலும் சர்வீஸ் சென்டரிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஸ்கூட்டருக்கு இன்னும் கவனம் வேண்டும். ஆசிரியைகளும் நர்ஸுகளும் அதிகம் ஓட்டுகிற கியர் இல்லாத ஸ்கூட்டரில், வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் தானே விட்டுவிடும். அதன் பிறகு இன்ஜின் பிடிக்காது, வண்டி பிரேக்கை மட்டும் நம்பி உருளும். டிவிஎஸ் எக்ஸ்எல் 100க்கும் இதே சங்கடம் உண்டு. சுமைக்கு அதைவிடத் தோதான வண்டி இல்லை. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை என்று கட்டிவிடலாம். ஆனால் ஒரே கியர் என்பதால் செங்குத்தான எஸ்டேட் ரோட்டில் டபுள்ஸ் ஏறத் திணறும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு, அல்லது ஏபிஎஸ், கட்டாயமானது. பழைய எக்ஸ்எல்லில் அது இருக்காது. மஞ்சு மூடிய மாலையில், வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் காட்டெருமை நிற்கிற ஊரில் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஓசூரிலேயே செய்கிற டிவிஎஸ் ஐக்யூபும் ஏத்தரும் இப்போது மலைக்கு வந்துவிட்டன. மின்மோட்டாருக்குக் காற்று தேவையில்லை என்பதால் உயரம் அதன் இழுவையைக் குறைப்பதில்லை. இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மலை திருப்பித் தருவதில் கொஞ்சத்தை பேட்டரியில் சேர்த்தும் வைக்கும். ஆனால் ஊட்டியில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு மேட்டுப்பாளையம் கிளம்பினால், அந்த மின்சாரத்துக்கு பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டாரின் பிடிப்பும் அப்போது குறைந்துவிடும், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் வரும். கீழே இறங்கப் போகிறவர் எண்பது சதவீதத்திலேயே சார்ஜரைக் கழற்றிவிடலாம்.