படிக்காமலே பட்டம் வாங்கப் பார்த்த 117 பேர்!
வீட்டுப் பரீட்சையில் நடந்த தில்லுமுல்லு

மாணவராகச் சேரவே இல்லை. ஆனால் பரீட்சை எழுதினார்கள். எழுதியதோடு விட்டார்களா? பட்டமும் கேட்டார்கள்!

மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கிற சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் இந்தக் கூத்து. 1857-ல் தொடங்கிய பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. அதன் தொலைதூரக் கல்வி நிறுவனத்தின் பெயரில், கணக்கிலேயே இல்லாத 117 பேர் ஆன்லைனில் பரீட்சை எழுதிய விவகாரம் 2022-ம் ஆண்டு வெளியே வந்து பரபரப்பை உண்டாக்கியது.

தொலைதூரக் கல்வி என்றால் தபால் வழிப் படிப்பு. கடையில் நின்றுகொண்டும், ஆபீசில் பைல் கட்டிக்கொண்டும், மின்சார ரெயிலில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டும் படிக்கிறவர்களுக்கான படிப்பு. இதைப் படிக்கிற நம்மவர்களில் பாதிப் பேர் அதில் பாஸ் செய்தவர்களாகவே இருக்கலாம்!

40 வருட பாக்கி

இந்தப் படிப்பில் 1980-81-ம் ஆண்டு முதல் பாடங்களைப் பாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. "2020 டிசம்பரில் வந்து எழுதி முடித்துக்கொள்ளுங்கள்" என்று கதவைத் திறந்து விட்டார்கள்.

நல்ல காரியம்தான். அந்தக் காலத்தில் ஒரு பேப்பரில் கோட்டை விட்டவர் இப்போது தாத்தா ஆகியிருப்பார். அவரும் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டுக்கொள்ளட்டுமே!

அப்போது கொரோனா காலம். ஹாலில் கூட்டம் சேர்க்க முடியாது. ஆகவே பரீட்சை ஆன்லைனில் நடந்தது. இங்கேதான் ஆசாமிகள் புகுந்தார்கள்.

பழைய மாணவர் என்று வேஷம். பரீட்சைக் கட்டணம் கட்டியாகிவிட்டது. இருந்த இடத்தில் இருந்தபடியே எழுதியும் ஆகிவிட்டது. சான்றிதழ் விஷயத்தில் பழைய பதிவுகளைச் சரி பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அந்த 117 பேரும் சேர்ந்ததற்கான பதிவே இல்லை!

உள்ளே இருக்கிறவர்கள் கை கொடுக்காமல் இது நடந்திருக்குமா என்ற கேள்வி உடனே கிளம்பியது. பணம் கைமாறியதாகவும் பேச்சு எழுந்தது. பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது.

ஹாலில் மட்டும் ஒழுங்கா?

"பரீட்சை ஹாலில் நடந்தால் இந்த வம்பு வருமா?" என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. 2019-ம் ஆண்டு "நீட்" பரீட்சையை ஹாலில்தான் நடத்தினார்கள். அதிலேயே ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எழுதி, தேனி மருத்துவக் கல்லூரியில் மாட்டினார்கள். அதே வருடம் நடந்த குரூப்-4 பரீட்சையில் மறைகிற மையைப் பயன்படுத்தினார்கள். ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய 99 பேர் இனி வாழ்நாளில் அந்தப் பரீட்சைப் பக்கமே வரக்கூடாது என்று தேர்வாணையம் தடை போட்டது.

ஆனாலும் ஹாலில் ஒரு வாசல் உண்டு. ஹால் டிக்கெட்டை நீட்ட வேண்டும். போட்டோவையும் முகத்தையும் பார்ப்பார்கள். கையெழுத்து வாங்குவார்கள். வீட்டுப் பரீட்சையில் அந்த வாசல் காணாமல் போனது. "காப்பி அடிக்கிறானா?" என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். "இவன் யார்?" என்று கேட்க ஆள் இல்லை.

அப்படிப் பார்த்ததாவது ஒழுங்காக நடந்ததா? அண்ணா பல்கலைக்கழகத்துக் கதையைக் கேளுங்கள்.

கேமராவுக்குப் பயந்து...

2020 செப்டம்பரில் கடைசி வருட மாணவர்களுக்கும், 2021 பிப்ரவரியில் மற்றவர்களுக்கும் கிண்டிக்காரர்கள் ஆன்லைன் பரீட்சை வைத்தார்கள். ஒரு மணி நேரம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள். செல்போன், கம்ப்யூட்டர் கேமரா மாணவரையே முறைத்துக்கொண்டு இருக்கும். அந்தப் படத்தையும் சத்தத்தையும் வைத்து, யார் திருட்டு முழி முழிக்கிறார் என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்குமாம்!

பிப்ரவரி பரீட்சையின் முடிவு ஏப்ரலில் வந்தது. மாணவர்கள் தலையில் இடி! ஏராளமானவர்கள் பெயில். பலருக்கு ரிசல்ட்டையே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"தலையைத் திருப்பினால் காப்பியா? பக்கத்து அறையில் அம்மா பேசினால் நான் என்ன செய்வேன்? சிக்னல் போனது என் குற்றமா?" என்கிற மாதிரி எங்கு பார்த்தாலும் புலம்பல். ஒரே அறை உள்ள வீட்டில், தம்பியும் தங்கையும் டி.வி.யும் இருக்கிற இடத்தில், ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார யாரால் முடியும்?

மே மாதம் புது ஆட்சி வந்தது. உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி, மறு தேர்வு நடக்கும் என்று அறிவித்தார். பழையபடி 3 மணி நேரம், விரிவாக விடை எழுதுகிற பரீட்சை.

இன்னொரு பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 2020 செப்டம்பர் பரீட்சையில் முறையே வேறு. வெள்ளைத் தாளில் வீட்டிலேயே ஒன்றரை மணி நேரம் எழுதி, படம் பிடித்து அனுப்ப வேண்டும். புத்தகம் பக்கத்தில் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பிட்டை ஒளித்து வைக்கிற வேலை கூட மிச்சம்!

அப்படிப் பார்த்து எழுதினவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். தப்புதான். ஆனால் அவர்களாவது பணம் கட்டிச் சேர்ந்த மாணவர்கள். தலையைத் திருப்பினவனுக்கு ரிசல்ட் நிறுத்தம், ஊர் பேர் தெரியாத 117 பேருக்குப் பட்டத்துக்கு அரை அடி தூரம் என்றால் இது என்ன நியாயம்?

"2021 ஆட்கள் வேண்டாம்"

யாரும் பார்க்காத அறையிலும் புத்தகத்தை மூடி வைத்து எழுதின பெண்களும் பையன்களும் உண்டு. "கொரோனா பாஸ்" என்ற கிண்டல் அவர்களுக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

2021 ஆகஸ்டில் மதுரையில் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு தனியார் வங்கி விளம்பரம் கொடுத்தது. 2021-ல் படிப்பு முடித்தவர்களுக்குத் தகுதி இல்லை என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. விளம்பரம் செல்போனுக்குச் செல்போன் தாவியது. பெற்றோர் கொதித்தார்கள்.

அது அச்சுப் பிழை என்று வங்கி வருத்தம் தெரிவித்தது. 2021-ல் முடித்தவர்களும் வரலாம் என்று விளம்பரம் திருத்தப்பட்டது.