கணினி கேட்டால் போதுமா?

தலைவலி, தூக்கமின்மை, வயிற்றுவலி என்று கிளினிக்கிற்கு வரும் பெண்களுள் சிலருக்கு நோயின் வேர் உடலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கணவர் அடிப்பதையும் மிரட்டுவதையும் அவர்கள் மருத்துவரிடம் எளிதில் சொல்வதில்லை. அச்சமும் வெட்கமும் 'குடும்ப மானம் போய்விடுமே' என்ற கவலையும் வாயை அடைத்துவிடுகின்றன. நேரமில்லாமலோ தயக்கத்தாலோ மருத்துவரும் கேட்பதில்லை.

இந்த மௌனத்தைக் கணினியால் கலைக்க முடியுமா என்று கனடாவின் டொரொன்டோ நகரில், ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் சோதித்துப் பார்த்தனர். அதன் முடிவு 2009இல் வெளியானது.

முறை எளிமையானதே. மருத்துவரைக் காணும் முன், பெண்கள் கணினியில் கேள்விகளுக்கு விடையளித்தனர். புகைப்பழக்கம், மது, மனச்சோர்வு ஆகியவற்றோடு துணைவரின் வன்முறை பற்றியும் அதில் கேட்கப்பட்டது. விடைகளின் சுருக்கம் ஒரு தாளில் அச்சாகி மருத்துவரின் கைக்குச் சென்றது. உதவி அமைப்புகளின் தொலைபேசி எண்கள் அடங்கிய தாள் பெண்ணுக்குக் கிடைத்தது.

சுமார் 300 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். வழக்கமான முறையில் 9 விழுக்காட்டினரிடமும், கணினிப் பிரிவில் 18 விழுக்காட்டினரிடமும் வன்முறை கண்டறியப்பட்டது. இரு மடங்கு! கணினி முகம் சுளிப்பதில்லை. 'நீ என்ன செய்தாய்?' என்று திருப்பிக் கேட்பதுமில்லை.

ஆனால், கண்டறிவது வேறு, காப்பது வேறு. அமெரிக்காவின் சிகாகோ வட்டாரக் கிளினிக்குகளில் 2,700க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. அங்கே கணினி கேள்வி கேட்டது; தேவைப்பட்டோருக்கு உதவி அமைப்புகளின் பட்டியலும் தரப்பட்டது. எனினும், ஓராண்டுக்குப் பின் அப்பெண்களின் வாழ்க்கைத் தரம், கேள்வி கேட்கப்படாத பெண்களின் நிலையைவிட மேம்பட்டிருக்கவில்லை.

ஆகவே, கணினி கதவைத் தட்டலாம். உள்ளே சென்று ஆறுதல் சொல்ல மனிதர்தான் வேண்டும். கணவரோ உறவினரோ அருகில் இல்லாத தனியிடத்தில் பெண் விடையளிக்க வேண்டும். மருத்துவர் அந்தத் தாளைக் கோப்பில் செருகிவிடாமல், 'இது உங்கள் தவறு அல்ல. இன்று வீடு திரும்புவது உங்களுக்குப் பாதுகாப்பா?' என்று கேட்க வேண்டும். சமூகநல அதிகாரியிடம் அவரே தொடர்புபடுத்திவிடுவது இன்னும் நல்லது. உதவி எண் அச்சிட்ட தாளைக் கணவர் பார்த்துவிட்டால் அதுவே ஆபத்தாகலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

கிளினிக்கில் யாரும் கேட்காவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. மலேசியாவில் 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம். அண்டை வீட்டுப் பெண்ணின் அழுகுரலைக் கேட்பவரும் அழைக்கலாம்.