உங்களுக்குத் தெரியுமா? நெய்வேலியின் பனிக்கால நாயகர்

குளிர்காலத்தில் பனி பொழியும் ஜெனீவாவில், செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் நிற்கும் நடராஜரின் உயரம் 2 மீட்டர். நம் நெய்வேலி நிலக்கரி நகரியத்துக் கோயிலின் ஐம்பொன் நடராஜரோ 10 அடிக்கும் மேல்!

• இவருக்குரிய பெருநாள் மார்கழித் திருவாதிரை, அதாவது ஆருத்ரா தரிசனம். அன்றைய படையல் களி: வறுத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், நெய். தொட்டுக்கொள்ளப் பல காய் போட்ட கூட்டு. பனி விலகாத விடியலில் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். ஆறினால் அந்த ருசி இல்லை.

• அதே கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் இன்னொரு வியப்பு. மற்ற கோயில்களில் உற்சவர்தான் வீதிக்கு வருவார். இங்கே மூலவர் நடராஜரே தேரேறுகிறார், மார்கழியிலும் ஆனியிலுமாக ஆண்டுக்கு 2 முறை. பிடிக்க வடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

• திருவாதிரை நட்சத்திரத்தை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். மார்கழியில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே ஓரியன் கூட்டத்தைத் தேடுங்கள். அதில் செம்மையாக மின்னுவதுதான் அது. வானியலார் வைத்த பெயர் பெட்டல்ஜூஸ்.