இனி டொக்டருக்குப் படிக்கலாமா?

இடப்பெயர்வால் படிப்பு நின்று, இன்று முன்பள்ளியிலோ தையல் நிலையத்திலோ வேலை செய்யும் சகோதரிகள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். உயர்தரப் பரீட்சைக்கு எத்தனை தடவை தோற்றினீர்கள் என்றே நான் முதலில் திருப்பிக் கேட்பேன். மூன்று தடவைகளுக்குள் பெற்ற பெறுபேறே பல்கலைக்கழக அனுமதிக்குச் செல்லும். மூன்றும் முடிந்திருந்தால் ஆசை காட்டிப் பயனில்லை. ஒன்றுதான் மிச்சமென்றால் ஆயத்தமில்லாமல் "சும்மா எழுதிப் பார்ப்பம்" என்று போகாதீர்கள்.

கலைப்பிரிவில் படித்தவர்கள் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் புதிதாக எழுதவேண்டும். வேலையை உடனே விடவேண்டாம். ரியூஷன் காசு எங்கிருந்து, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வீட்டில் பேசுங்கள். அரச மருத்துவபீடத்தில் படிப்பு இலவசம்தான். ஆனாலும் 5 வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. தொலைந்த பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் பெறலாம். அதை இந்த மாதமே தொடங்குங்கள்.