கவர்னர் தூங்கிவிட்டால்...

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சென்றது. பிறகு பல பேட்டைகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், ஃபிரிஜ்ஜில் உள்ள பால் கெடாமல் காக்கவும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் எவ்வளவு பெரிய உபகாரி என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

ஆனால் இந்த உபகாரிக்கும் சில சமயம் வெறி பிடிப்பதுண்டு. சீராக உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று 'வீல்' என்று அலறும். மின்விசிறி பேய் போல் சுழலும். ஏன் இப்படி?

வீடுகளில் சாதாரணமாக வைத்துக்கொள்ளும் ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட் மின்சாரம் கிடைக்கும். 3,600 சுற்றானால் ஹெர்ட்ஸ் 60 ஆகிவிடும். வோல்ட்டும் எகிறி, ஃபிரிஜ்ஜையும் டெலிவிஷனையும் பொசுக்கிவிடலாம். ('இன்வெர்ட்டர்' வகை ஜெனரேட்டருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.)

வேகத்தை அடக்கி ஆள்பவர் கவர்னர். கிண்டி மாளிகையில் வசிப்பவரை நினைத்துக்கொள்ளாதீர்கள்! எஞ்சினுக்குள் சுழலும் சிறு எடைகளும், வெளியே உள்ள ஸ்பிரிங்கும் நெம்புகோலும் சேர்ந்ததுதான் இந்தக் கவர்னர். வேகம் மிஞ்சினால் எடைகள் விரிந்து, கார்புரேட்டரின் வாயிலைக் குறுக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அதைத் திறக்கும். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குப் பொருத்திய ஏற்பாட்டின் வாரிசுதான் இது. கவர்னர் தூங்கிவிட்டால் வாயில் திறந்தபடியே நிற்கும். எஞ்சின் தறிகெட்டு ஓடும்.

அப்போது விளக்கையும் விசிறியையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பாரம் குறையக் குறைய எஞ்சின் இன்னும் துள்ளும். நேரே சென்று எஞ்சின் ஸ்விட்சை அணையுங்கள். அதற்கு மசியாவிட்டால் சோக்கை முழுக்க மூடுங்கள். பெட்ரோல் குழாயையும் அடைத்துவிடுங்கள். பிறகு எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள்.

எஞ்சின் ஆறியதும் வெளிப்புறத்தைப் பாருங்கள். கவர்னரையும் கார்புரேட்டரையும் இணைக்கும் மெல்லிய கம்பி கழன்றிருக்கிறதா? ஸ்பிரிங் தப்பான துளையில் மாட்டியிருக்கிறதா? நெம்புகோலின் திருகு தளர்ந்திருக்கிறதா? சருகோ தூசியோ சிக்கியிருக்கிறதா? பழைய பெட்ரோல் பிசினாகி, வாயிலை அசையவிடாமல் பிடித்திருக்கிறதா? வெளியே எல்லாம் சரியாக இருந்தால், கோளாறு எஞ்சினுக்குள்ளே இருக்கிறது. அது மெக்கானிக்கின் வேலை.

வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஊஞ்சலாடினால், அது வேறு வியாதி. பெரும்பாலும் கார்புரேட்டரின் நுண்துளையில் அடைப்பு இருக்கும்.

வேகத் திருகைக் காதால் கேட்டே சரிசெய்கிறேன் என்று யாராவது முன்வந்தால், நாசூக்காகத் தடுத்துவிடுங்கள். அதற்கு மீட்டர் வேண்டும். பழுது பார்த்த பிறகு, திறந்த வெளியில், எந்தச் சாமானையும் மாட்டாமல் ஓட்டி மீட்டரைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருந்தால் பாதகமில்லை. முதலில் ஒரு சாதாரண குண்டு பல்பை மாட்டுங்கள். அது நிதானமாக எரிந்தால், பிறகு ஃபிரிஜ்ஜின் முறை. பல்பு போனால் சில ரூபாய்தான் நஷ்டம். ஃபிரிஜ் போனால் பல மாதத்துச் சேமிப்பு அல்லவா?