சரக்கு விமானத்திற்கு மாறலாமா?

1949-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இரவு விமானத் தபால் என்று ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பும். நள்ளிரவையொட்டி அவை நாகபுரியில் வந்து கூடும். தபால் பைகளைத் தம்முள் மாற்றிக்கொள்ளும். பிறகு வந்த வழியே திரும்பித் தத்தம் ஊரை அடையும். நாடு உறங்கிக்கொண்டிருக்க, நாகபுரியில் மட்டும் ஒரு நள்ளிரவுச் சந்தை கூடிக் கலைந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1973 ஏப்ரல் 17-ஆம் நாள், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் இதே போன்றதொரு சந்தை கூடிற்று. பிரெடரிக் ஸ்மித் என்பவர் நிறுவிய பெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அன்றிரவு 14 சிறிய ஜெட் விமானங்களைக்கொண்டு 25 நகரங்களுக்கு 186 பொதிகளை அனுப்பியது. இன்று உலகின் மிகப் பெரிய சரக்கு விமானக் கூட்டங்களுள் ஒன்று அந்நிறுவனத்திற்கு உரியது. அதன் போட்டியாளரான யுனைடெட் பார்சல் சர்வீஸ் 1988-இல் தனக்கென விமானப் பிரிவைத் தொடங்கிற்று. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரே அதன் நடுவிடம். நம் சென்னையிலும் 1996 முதல் புளூ டார்ட் ஏவியேஷன் என்னும் சரக்கு விமான நிறுவனம் இயங்கி வருகிறது.

விமானியாக வேண்டுமென்று கனவு காணும் மாணவர் பலரும் தம் மனக்கண்ணில் காண்பது பயணியர் விமானத்தைத்தான். ஆனால் அத்தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவர்களுள் பலர், சரக்கு விமானத்திற்கு மாறிவிடலாமா என்று எண்ணிப் பார்க்கும் காலம் ஒன்று வருகிறது. அமெரிக்காவில் இது நாள்தோறும் எழும் கேள்வி. அங்கே ஒரு பெரிய பயணியர் நிறுவனத்தில் ஐந்தாண்டுகளாகத் துணை விமானியாக இருக்கும் முப்பத்தைந்து வயதுடைய ஒருவரை எண்ணிக்கொள்வோம். சரக்கு நிறுவனம் ஒன்று அவரை அழைக்கிறது. அவர் எவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்?

விமானம் ஓட்டும் கலையில் வேற்றுமை பெரிதாக இல்லை. உரிமம் ஒன்றே. போயிங் 767, 777 போன்ற விமானங்கள் பயணியரையும் சுமக்கின்றன, பண்டங்களையும் சுமக்கின்றன. வேற்றுமை விமானி அறைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே இருக்கைகள் இல்லை, பணிப்பெண்கள் இல்லை. உணவை விமானிகளே சூடாக்கி உண்ண வேண்டும். சில வேளைகளில் பந்தயக் குதிரைகளும், பொரித்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகளும் உடன் வருவதுண்டு. எது எப்படியாயினும், புறப்படத் தாமதமாயிற்றென்று பெட்டிகள் முறையிடுவதில்லை. இதை ஒரு பெரும் பேறாகக் கருதும் விமானிகள் உளர்.

ஊதியத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அமெரிக்காவின் பெரிய சரக்கு நிறுவனங்களில் காப்டன்கள் பெறும் ஊதியம் பெரிய பயணியர் நிறுவனங்களின் ஊதியத்தோடு ஒப்பிடத்தக்கதே. ஆனால் அது காப்டன் ஆனவருக்கு. மாறிச் செல்பவரின் வாழ்வை உண்மையில் ஆள்வது வேறொன்று. அதுவே பணிமூப்பு எண்.

நிறுவனத்தில் சேரும் நாளில் ஒவ்வொரு விமானிக்கும் வரிசையில் ஓர் எண் கிடைக்கிறது. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எப்போது காப்டன் ஆவது, பண்டிகை நாளில் விடுப்புக் கிடைக்குமா கிடைக்காதா என்பன எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவையே. மாதந்தோறும் பணி அட்டவணை வரும்போது, வரிசையில் முன்னிருப்பவர் தமக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வார். கடைசியில் இருப்பவர் நிலை கடைசிப் பந்தியில் அமர்ந்தவர் நிலைதான். மிச்சம் இருப்பதே அவருக்கு. ஆட்குறைப்பு வந்தாலோ, கடைசியாக வந்தவரே முதலில் வெளியேற வேண்டும்.

இந்த எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பதினாயிரம் மணி நேரம் பறந்தவராயினும், புதிய நிறுவனத்தில் அவர் கடைசி எண்ணுக்கே உரியவர். ஊதியமும் அங்கே பணியாற்றிய ஆண்டுகளைக்கொண்டே கணக்கிடப்படுவதால், முதலாண்டு வருவாய் வெகுவாகக் குறைந்துவிடும். அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்களின் விமானிகள் 65 வயதில் ஓய்வு பெற வேண்டுமென்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே, நம் முப்பத்தைந்து வயதுத் துணை விமானிக்கு இன்னும் முப்பது ஆண்டுகள் உள்ளன. ஐந்தாண்டு மூப்பை இழந்தாலும் ஈடுசெய்யக் காலமுண்டு. ஐம்பது வயதுக் காப்டனுக்கோ பதினைந்தே ஆண்டுகள். அவர் மாறுவதை நான் அறிவுடைமை என்று சொல்ல மாட்டேன்.

சரக்குத் தொழில் நிலையானது என்று கூறுவோர் உளர். 2020-ஆம் ஆண்டைப் பார்த்தால் அது மெய்யே என்று தோன்றும். கொரோனா நோயினால் பயணியர் விமானங்கள் தரையில் நின்றன. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவில் இரண்டு பெரிய பயணியர் நிறுவனங்கள் மட்டும் தம் பணியாளருள் முப்பதாயிரத்திற்கு மேற்பட்டோரை ஊதியமில்லா விடுப்பில் அனுப்பின. சரக்கு விமானிகளுக்கோ ஓயாத வேலை. டிசம்பரில் நாட்டின் முதல் தடுப்பு மருந்துப் பெட்டிகளைக் கொண்டுசென்றவர்கள் அவர்களே. அதைக் கண்டு மாறியவர்கள் பலர். ஆனால் காற்று திரும்பிற்று. 2023-ஆம் ஆண்டில் பயணியர் நிறுவனங்கள் விமானிகளைத் தேடித் திரிந்தபோது, பெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தில் விமானிகள் தேவைக்கு மேற்பட்டிருந்தனர். அமெரிக்கத் தபால் துறையோடு அதற்கிருந்த விமான ஒப்பந்தமும் 2024 செப்டம்பரில் முடிவுற்று, அவ்வேலை போட்டி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஒப்பந்தம் ஒன்று கைமாறினால் விமானியின் பறப்பு நேரமும் கைமாறுகிறது.

இவை யாவற்றினும் கனமானது இரவு. நம் உடலினுள் ஒரு கடிகாரம் உண்டு. பின்னிரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே அது நம்மை உறக்கத்தின் அடித்தளத்திற்கு இழுத்துச் செல்கிறது. உடல் வெப்பம் தாழ்கிறது, கவனம் மங்குகிறது. மெம்பிஸிலும் லூயிவில்லிலும் விமானங்கள் நள்ளிரவையொட்டி இறங்குகின்றன, பொதிகள் பிரிக்கப்படுகின்றன, பின்னிரவில் அவை மீண்டும் ஏறுகின்றன. அதாவது, உடல் மிகத் தளர்ந்த வேளையில் விமானம் தரையிறங்குகிறது. பகலில் உறங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பகலுறக்கம் பெரும்பாலும் நீளத்திலும் ஆழத்திலும் குறைந்தது. தெருவோசையும் சூரியனும் விடுவதில்லை. பொதிகள் பிரிக்கப்படும் அந்த இடைவேளையில் விமானிகள் படுத்தெழுவதற்கென்றே சரக்கு நிலையங்களில் இருட்டறைகள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்து பபலோ நகரருகே ஒரு சிறிய பயணியர் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். அதன்பின் விமானிகளின் களைப்பைப் பற்றி அமெரிக்க அரசு புதிய விதிகள் வகுத்தது. இரண்டு விமானிகள் மட்டும் உள்ள விமானத்தில், பணி தொடங்கும் வேளையைப் பொறுத்து, 9 மணி முதல் 14 மணி நேரம் வரையே பணியாற்றலாம். நள்ளிரவில் தொடங்குபவருக்கு 9 மணியே உச்சம். 2014 ஜனவரி 4-ஆம் நாள் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது பயணியர் விமானங்களுக்கு மட்டுமே. ஆகும் செலவு கிடைக்கும் நன்மையை விஞ்சுகிறதென்று சரக்கு விமானங்களுக்கு விலக்களித்துவிட்டனர். அவர்களுக்குப் பழைய விதிகளும், விமானிகள் சங்கம் வாதாடிப் பெற்ற ஒப்பந்தங்களுமே காப்பு. இரவில் பறப்பவருக்குத் தளர்ந்த விதியும் பகலில் பறப்பவருக்கு இறுகிய விதியும் இருப்பது எவ்வகை நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

அவ்விதி நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னர், 2013 ஆகஸ்டு 14-ஆம் நாள் விடியுமுன், லூயிவில்லிலிருந்து புறப்பட்ட ஒரு சரக்கு விமானம் அலபாமா மாநிலத்து பர்மிங்காமில் ஓடுபாதைக்கு முன்னதாகவே தரையில் மோதிற்று. விமானிகள் இருவரும் இறந்தனர். உயரத்தைக் கவனிக்கத் தவறியது முதலிய காரணங்களோடு, துணை விமானியின் களைப்பையும் விசாரணையினர் ஒரு காரணமாகக் குறித்தனர். கிடைத்த ஓய்வு நேரத்தை அவர் உறக்கத்திற்குச் சரிவரப் பயன்படுத்தவில்லை என்றும் கூறினர். விமானி அறையின் ஒலிப்பதிவைக் கேட்டபோது மற்றொன்றும் தெரிந்தது. அன்றிரவு அவ்விருவரும் பேசிக்கொண்டது ஓய்வு விதிகளைப் பற்றியும், சரக்கு விமானிகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கைப் பற்றியும்தான்.

சுமையினாலும் ஆபத்துண்டு. 2010 செப்டம்பர் 3-ஆம் நாள் துபாயில் ஒரு போயிங் 747 சரக்கு விமானம் தீப்பற்றி வீழ்ந்தது; அதில் லித்தியம் மின்கலங்கள் ஏராளமாக இருந்தன. லித்தியம் அயனி மின்கலங்களைச் சரக்காகப் பயணியர் விமானத்தில் ஏற்றக்கூடாதென்று 2016 ஏப்ரலில் உலக அளவில் தடை வந்தது. சரக்கு விமானத்தில் கட்டுப்பாடுகளுடன் இன்னும் ஏற்றலாம். அதன் மேல்தளத்தில் தீ மூண்டால் அணைக்கச் செல்ல ஆளில்லை. காற்றழுத்தத்தை வெளியேற்றித் தீக்கு வேண்டிய உயிர்க்காற்றைக் குறைப்பதே வழி. விமானிகள் முகமூடி அணிந்து, விரைந்து இறங்க ஓரிடம் தேட வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் யார்தான் மாறுவார் என்று எண்ண வேண்டாம். மாறியவர் பலர் மகிழ்வுடன் இருக்கிறார்கள். சில நிறுவனங்களில் ஏறத்தாழ இரண்டு வாரம் தொடர்ந்து பறந்துவிட்டு, பிறகு ஏறத்தாழ அதே அளவு நாட்கள் வீட்டிலேயே தங்கலாம். குழந்தைகள் வளரும் பருவத்தில் அது சிலருக்குப் பெரும் வரம். சிலருக்கு, இல்லாத இரண்டு வாரமே மிகுதியாகத் தெரியும். இதை விமானி தனித்து முடிவு செய்யலாகாது. வீட்டாரும் உடனிருந்து பேச வேண்டும்.

நம் துணை விமானி என்னைக் கேட்டால், அழைப்புக் கடிதத்திற்கு விடை எழுதுமுன் ஒன்று செய்யச் சொல்வேன். அடுத்த விடுப்பில் ஐந்து இரவுகள் விழித்திருந்து, ஐந்து பகல்கள், குழந்தைகளின் ஓசையும் வாசல் மணியும் உள்ள தம் சொந்த வீட்டில், உறங்கிப் பார்க்கட்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதை அவர் மனைவி ஒரு தாளில் குறித்து வைக்கட்டும். ஊதியப் பட்டியலை அதற்குப் பிறகு எடுத்துப் பார்க்கலாம்.